சூடு தெரியாத கை

வலது உள்ளங்கையில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்குப்பட்டிருக்கிறது, அதன்மேல் இறுகியிருக்கும் தசைநாரைத் திறந்துவிட்டால் விரல்கள் மரத்துப்போவது நிற்கும் என்றார் டாக்டர். கைக்கு மட்டும் ஊசி போட்டுப் பச்சைத் துணியால் மறைத்துவிட்டார்கள். எனக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று தாதி மலாய் மொழியில் விசாரித்து முடிப்பதற்குள் தையலும் போட்டாகிவிட்டது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தச் சின்ன வெட்டை வைத்துக்கொண்டு நான் வீட்டில் செய்த அட்டகாசத்தைத்தான் எழுதப்போகிறேன். மறைக்க விருப்பமில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ரந்தாவ் பக்கத்தில், தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்வேலிக்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனை. முன்பு அது ரப்பராக இருந்தது. அந்த ரப்பர் மரங்களில் பால் வடியப் பட்டை வெட்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்திலும் அவள் வெட்டினாள், பிள்ளை பிறந்த பிறகும் வெட்டினாள், ரப்பரை அழித்துச் செம்பனை நடும்வரை வெட்டினாள்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து ஆட்கள் என்னைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். ஆரஞ்சுப் பழமும் ரொட்டி டின்னுமாக வருவார்கள். உட்கார்ந்ததும் கட்டுப் போட்ட கையை எல்லாரும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார்கள். பிறகு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பக்கத்து ஊரான சுவாவிலிருந்து என் பழைய நண்பர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்னா வாத்தியாரே, கையையே வெட்டிட்டானுங்களா? பெரம்பு புடிச்ச கை லா அது. எத்தன புள்ளைங்க விட்ட சாபமோ!"

"உம் மகன இன்னும் நாலு போட்டிருக்கணும். அது பாக்கி நின்னுபோனதாலதான் வலிக்குது."

சிரித்தோம். என் மனைவி கோப்பி கொண்டுவந்தாள். ஒவ்வொருவர் வரும்போதும் அவள் கோப்பி கலக்கினாள், வடை சுட்டாள், பிறகு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து, டாக்டர் சொன்னபடி கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் என் வலியை விவரித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. கட்டு நனையக்கூடாது, குழம்பு படக்கூடாது. பாரோயில் இருக்கும் மகன் ஒரு கரண்டி வாங்கிவந்தான். பிடி தடிமனான கரண்டி.

"இடது கையால சாப்பிடுங்கப்பா. கொஞ்ச நாளுக்குத்தான்."

"இடது கையால சோறு திங்கச் சொல்றியா என்னை?"

"ஸ்பூன்தானப்பா வாய்க்குள்ள போவுது. கையா போவுது?"

"நீ டவுன்ல எப்படி வேணா தின்னு. இது என் வீடு."

"அப்ப எப்படித்தான் சாப்பிடுவிங்க?"

"உங்கம்மா ஊட்டுவா."

அவள் அப்போது அடுப்பங்கரையில் இருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் வகுப்பில் சுகாதாரம் சொல்லிக் கொடுத்தவன். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் எந்தக் கையும் சுத்தமான கைதான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். ஆனால் என் இடது கை என் வாய்க்கு வருவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

அவள் ஊட்டினாள், நான் குறை சொன்னேன். உருண்டை பெரிதாக இருக்கிறது என்றேன், உப்புப் போதவில்லை என்றேன். சோறு விரல்களிலிருந்து நழுவி என் சட்டையில் விழும். "பார்த்து ஊட்டமாட்டியா?" என்பேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட அவளுக்கு நேரமாகும், பொத்தான் துளைக்குள் போகாமல் வழுக்கும். நான் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். ஒருநாள் மூடி ஒன்று கை தவறி விழுந்து உருண்டது. "உன் கவனமெல்லாம் எங்கே இருக்கு?" என்று கத்தினேன். அவள் குனிந்து அதை எடுத்தாள். எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுவா நண்பர் மறுபடி வந்த நாளில்தான் அது நடந்தது. பேச்சில் நேரம் போய்விட்டது. எனக்குப் பசி. மருந்து சாப்பிட வேண்டும் என்று அவளை விரட்டினேன். அவள் சோற்றை அப்படியே பானையிலிருந்து போட்டு, கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். நண்பரைப் பார்த்துப் பேசியபடியே நான் வாயைத் திறந்தேன்.

நாக்கு வெந்துபோனது. சோற்றைத் துப்பினேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோக ஆகாத கை, தட்டைத் தள்ள மட்டும் ஆயிற்று. ரசம் அவள் மடியில் கொட்டியது.

"கையை உள்ள விட்டுத்தானே பிசைஞ்ச? சூடு தெரியல உனக்கு?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். சிவந்திருந்தன.

"தெரியலங்க."

"என்ன தெரியல?"

"சூடுதான். இந்த மூணு வெரல்லயும் தெரியறதில்ல. ரொம்ப நாளாச்சு."

அதை அவள் புகாராகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நண்பர்தான் முதலில் வாய் திறந்தார். "வெட்டுக்காட்டுல இருந்த பொம்பளைங்க பாதிப் பேருக்கு இப்படித்தான் வாத்தியாரே. எங்க வீட்டுலயும் இருந்துச்சு. விடியக்காத்தால தைலத்தத் தேச்சிக்கிட்டு வேலைக்கு வந்துருவாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் லா."

"தெரிஞ்சும் மண்டோரா நின்னு மரத்த எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? தொரைகிட்டயா? கிளினிக்குல கேட்டா காத்து, வாயுன்னு மாத்திரை குடுப்பான். நீங்க படிச்சவரு. ஒரே கூரைக்குக் கீழ இருந்திங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டைவிட்டுப் போ என்று சொல்ல வாய்வரை வந்தது. பாதிப் பெண்களுக்கு விரல் செத்துப்போயிருந்தது, ஒரு தோட்டமே அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது! யாருமே இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கடைசியாகக் கேட்டது என்னைப் பற்றி.

என் கையைச் சோதித்தபோது டாக்டர் பஞ்சை மெல்லத் திரித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். அன்று மாலை நானும் அப்படியே செய்தேன். அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உள்ளங்கையை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கவேண்டிய இடம் குழிந்து கிடந்தது.

"கண்ண மூடிக்க. தொட்டதும் சொல்லு."

கண்களை மூடிக்கொண்டாள். சுண்டுவிரலைத் தொட்டேன். "ம்" என்றாள். நடுவிரலைத் தொட்டேன். ஆள்காட்டி விரலைத் தொட்டேன். கட்டைவிரலில் பஞ்சை அழுத்தித் தேய்த்தேன். கண்ணை மூடியபடி அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"தொடப்போறிங்களா?" என்றாள்.

எனக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்தது. அவள் தூக்கத்தில் எழுந்து கையை உதறுவாள். கண்ணாடி வளையல் சத்தத்தில் என் தூக்கம் கெடுகிறது என்று சொன்னேன். மறுநாளிலிருந்து படுக்கும்முன் வளையலைக் கழற்றி வைத்தாள். சத்தம் நின்றது, நான் தூங்கினேன். என் கை மரக்கத் தொடங்கியபோது நான் வளையலைக் கழற்றவில்லை, டாக்டரிடம் ஓடினேன். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொள்ள. தூக்கத்தில் எழுந்து உதறுவீர்களா, பொருள் நழுவுமா, பொத்தான் போட வருமா என்று டாக்டர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டபோது அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னப்ப உனக்கும் இதேதான்னு தெரியலையா?"

"தெரிஞ்சுதே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்களுக்குப் பாக்கத்தானங்க போனோம்."

எழுந்துபோய் மகன் வாங்கிவந்த கரண்டியைத் தேடினேன். அதை அவள் பழைய துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். இடது கையால் அன்றைய சோற்றைச் சாப்பிட்டேன். எப்போதும் இருக்கும் ருசிதான் இருந்தது.

தையல் பிரித்ததும் அவளை அழைத்துப் போனேன். இந்த முறை பார்த்தது இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பெண். என் மனைவியின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன வருஷமா பாட்டி இப்படி இருக்கு?" என்றார். என் மனைவி மகனின் வயதைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். டாக்டர் என் கையிலிருந்த புதுத் தழும்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். ஆபரேஷன் செய்தால் வலி நிற்கும், விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது, நரம்பு ரொம்பக் காலம் நெருக்குப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க கை தேறட்டும். நான் படுத்துக்கிட்டா வீட்டுல யாரு பாக்கறது?"

எனக்கு ரப்பர்ப் பந்து ஒன்று கொடுத்து, அழுத்தி அழுத்திப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பந்தை அலமாரியில் போட்டேன். வெங்காயம் நறுக்கினேன், தேங்காய் துருவினேன், தழும்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துணி பிழிந்தேன். பிழியும்போது உள்ளங்கையின் அடியில் சுருக்கென்று இழுக்கும். ஈரத் துணியில் இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் யாரையும் கேட்டதும் இல்லை. மகனுக்குத் தொலைபேசியில் விஷயம் தெரிந்தது.

"அம்மா, அப்பா சமைக்கிறாரா? ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கம்மா, யாரும் நம்பமாட்டாங்க லா."

"சும்மா இருடா. ரசம் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் இல்ல."

நான் மோட்டாரின் பிடியை முறுக்கி ரந்தாவ் பாசார் சந்தைவரை போய்வந்த அன்று, ஆபரேஷனுக்குச் சரி என்றாள்.

அவளுடைய வலது கையிலும் அதே சின்ன வெட்டு. திரும்பி வந்தாள். ஆட்களும் வந்தார்கள். இப்போது கோப்பி கலக்கியது நான். அவர்கள் பேசியதைக் கேட்கவேண்டுமே!

"அண்ணி, நீங்க குடுத்து வச்சவங்க. வாத்தியாரே அடுப்பங்கரைல நிக்கிறாரு பாருங்க" என்றார் சுவா நண்பர்.

இன்னொருவர் என் கோப்பியைக் குடித்துப் பார்த்துத் தலையாட்டிப் பாராட்டினார். இந்த வயதிலும் இப்படி ஒரு மனுஷரா என்றார். கட்டுப் போட்ட அவள் கையைப் பார்த்து வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் படுத்திருந்தபோது என் கையைக் கேட்டார்கள், அவள் படுத்திருக்கும்போது என் கோப்பியைப் புகழ்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கை அவளுக்குத்தான் வெட்டியிருக்கு. அவளக் கேளுங்க" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். எல்லாரும் தம்ளருக்குள் பார்த்தார்கள். அவள்தான், "அவரு எப்பவும் இப்படித்தான், நீங்க குடிங்க" என்று சமாதானம் செய்தாள்.

அன்று மதியம் சோறு பிசைந்தேன். ரசத்தை ஆறவைத்துத்தான் ஊற்றினேன். என் விரல்களில் சூடு நன்றாகவே தெரிந்தது. ஒரு உருண்டை பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். இதற்காக நான் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"கரண்டிய எடுங்க" என்றாள்.

"நான் ஊட்டுறேன்."

"ஊட்டிக்கிட்டு இருந்தா நீங்க எப்ப சாப்புடுவிங்க? எடுங்க."

இடது கையில் அந்தத் தடிமனான கரண்டியைப் பிடித்து, தொலைக்காட்சியில் நாடகம் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. நான் பிடித்த உருண்டையை நானே தின்றேன்.

இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. உதறி எழுவது நின்றுவிட்டது. வளையலோடு தூங்குகிறாள். ஆள்காட்டி விரலில் முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது என்றாள், பிறகு நடுவிரலிலும். காலையில் கோப்பி வைத்ததும் விரல்களை ஒவ்வொன்றாகத் தம்ளரில் வைத்துப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

"இது சுடுது."

அடுத்த விரலை வைப்பாள். "இதுவும் சுடுது, லேசா."

கட்டைவிரலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பாள். நான் அடுப்பைத் துடைப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இல்ல" என்பாள்.

"எடு. வெந்துபோவும்" என்று அதட்டுவேன். அந்த அதட்டலில் கோபம் இருக்கிறது, அவளுக்கும் தெரியும், தன்மேல் இல்லை என்றும் தெரியும். விரலை எடுத்துக்கொள்வாள். நான் தம்ளரை வாங்கி, இன்னொரு தம்ளரில் உயரத் தூக்கி ஊற்றி ஆற்றுவேன். தூக்கும்போது தழும்பு இன்னும் இழுக்கிறது. ஆற்றியதை என் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுக்கிறேன்.