அடிபட்டுப் போன தொகுதி

பத்தாம் வகுப்புக் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பின்னத்தின் தலைமேல் இன்னொரு பின்னம் ஏறி உட்கார்ந்திருக்குமே, அந்தக் கணக்கு. பார்க்க மாடிமேல் மாடி வைத்த வீடு மாதிரி பயமுறுத்தும். கீழே இருப்பதைக் கவிழ்த்து மேலே இருப்பதோடு பெருக்கினால் சாதுவாகிவிடும். ஒரு பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தமிழ்வழியில் படித்த எனக்கு அதில் குழப்பமே வந்ததில்லை. வந்தது மாமாவின் ஆட்களுக்கு.

அது தேர்தல் நேரம். எங்கள் தொகுதியில் சீட்டு தனக்குத்தான் என்று நம்பி, அம்மாவின் தம்பியான மாமா புதுசாக வெள்ளைச் சட்டைகள் தைத்து வைத்திருந்தார். கட்சியிலிருந்து போன் வரவேண்டியதுதான் பாக்கி. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க ஆதரவாளர்கள். அம்மா டீ போட்டே ஓய்ந்துபோனாள். மாமா மாலை வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஆட்களை எல்லாவற்றுக்கும் நம்புவார், மாலை விஷயத்தில் மட்டும் நம்பமாட்டார்.

அந்த நேரம் பார்த்து என் தோழி போன் செய்தாள். மறுநாள் பரீட்சை, அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கூடத்துச் சத்தத்தை மீறி நான் கத்தினேன்.

“கீழ இருக்கறத கவுத்துடுடி. ரெண்டு தொகுதியும் அடிபட்டுப் போயிடும். ஆமா, மேல இருக்கற தொகுதியுந்தான். டீச்சரே சொல்லிட்டாங்க!”

கூடம் கப்சிப்பென்று ஆனது. கட்சியின் மகளிரணித் தலைவி ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

“டீச்சரே சொல்லிட்டாங்களாம்பா” என்று ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மாமா மாலையோடு வந்தபோது வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “அது கணக்குல வர்ற தொகுதிப்பா, நம்ம தொகுதி இல்ல. வாங்க வாங்க” என்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். அவர்களும் அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் கட்சியிலிருந்து நிஜமான போன் வந்தது. எங்கள் தொகுதியைக் கூட்டணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இந்தத் தடவை போனவர்களை மாமா கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசிக் கணக்கில் மேலும் கீழும் இருந்த எல்லாவற்றையும் நான் அடித்திருந்தேன்.

“எல்லாமே அடிபட்டுப் போச்சே. இனிமே என்னா இருக்கு, சைபர்தான?”

“இல்ல மாமா. எல்லாம் போனாலும் ஒன்னு மிஞ்சும். எல்லாரும் இங்கதான் தப்புப் பண்ணுவாங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கணக்கென்றாலே ஓடுகிற மாமாவுக்கு இப்போதாவது ஆர்வம் வந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.