கரண்டுப் பொட்டி

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோதே அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டிருந்தது. சேலத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் உழைத்துத் தேய்ந்து, அங்கே புதுசு வாங்கியதும், கிராமத்துப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும் என்ற பெருந்தன்மையோடு எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். எண்பதுகளின் பின்பாதி அது. ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கி, அங்கிருந்து உர மூட்டைகளோடு டெம்போவில் ஊருக்குள் வந்தது.

அப்பா அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். நான் அங்கேயே ஆறாம் வகுப்பு. அந்த ஒரு தகுதியில், பெட்டிகளைப் பிரித்தபோது முன்னால் போய் நின்றுகொண்டேன். டைப்ரைட்டர் போல எழுத்துக்கட்டைகள் பதித்த ஒரு தட்டு, சின்ன டிவி மாதிரி ஒரு திரை, ஒரு டேப் ரெக்கார்டர், கொஞ்சம் கேசட்டுகள். கடைசியாக, முகத்தில் முள் ஆடும் மீட்டரோடு ஒரு கனத்த இரும்புப் பெட்டி. பியூன் எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் பள்ளியின் பெயரை எழுதினார். சொல்லிக்கொடுக்க வாத்தியார் இன்னும் போடவில்லை. அதனால் சாமான்களை அறிவியல் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள். இரும்புப் பெட்டி மட்டும் அன்று சாயங்காலம் பியூனின் சைக்கிள் கேரியரில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றும், ஆப்பிரிக்காவில் ஓட்டை விழுந்த உலக உருண்டை ஒன்றும் இருந்தன. தலைமை ஆசிரியர் வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பெட்டிக்கு எங்கள் வீட்டில் வேலையும் இருந்தது. அந்த வருஷம்தான் அப்பா டிவி வாங்கியிருந்தார். தெருவுக்கே அது ஒன்றுதான். வயக்காட்டில் பம்புசெட் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஊர்க் கரண்டு நோஞ்சானாகிவிடும். படம் நாலு பக்கமும் சுருங்கி, மேலும் கீழும் உருளும். ஒருமுறை டிவியின் பின்னாலிருந்து புகையே வந்தது. தர்மபுரியிலிருந்து வந்த மெக்கானிக், இன்னொரு தடவை இப்படி ஆனால் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரும்புப் பெட்டியை மாட்டியதும் படம் நிமிர்ந்து நின்றது. நாங்கள் அதைக் கரண்டுப் பொட்டி என்று கூப்பிட்டோம். பெயின்ட் எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. "வாத்தியார் வரட்டும், கொண்டுபோய்க் குடுத்துடலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அப்போது அவர் அதை மனசாரத்தான் சொல்லியிருப்பார்.

வாத்தியார் வந்தார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, வந்த நாளிலிருந்தே கம்ப்யூட்டர் சார்தான். பென்னாகரத்துக்காரர், பெங்களூரில் படித்தவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். உரக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் வருவார். அவருடைய வேலை தற்காலிகம். தர்மபுரியிலிருந்து அதிகாரி வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் நிலைக்கும், இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு சரி.

"இந்த மெஷினுக்கு ஞாபக சக்தி ரொம்பக் கம்மி கண்ணுங்களா" என்று முதல் வகுப்பிலேயே எங்களிடம் சொன்னார். "தெனமும் தூங்கி எந்திரிச்சா பேரு கூட மறந்திருக்கும். நாமதான் கேசட்ல இருந்து மொதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிக்கொடுப்பது என்றால் கேசட்டை ஓடவிடுவது. பாட்டு வராது. கரும்பலகையில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு, மூச்சு விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். முடியப்போகிற நேரத்தில் திரை பளிச்சென்று வெளுத்து, மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் மறந்துவிட்டது என்று அர்த்தம். சார் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் தொடங்குவார்.

முதலில் அவர் கேசட்டைச் சந்தேகப்பட்டார். பெங்களூர் நண்பரிடமிருந்து வேறு கேசட் வரவழைத்தார். பிறகு டேப் ரெக்கார்டரைச் சந்தேகப்பட்டு, அதன் உள்ளே பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சத்தம் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது என்று வால்யூம் திருகுகிற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார். ஒயரைக் கழற்றி வேறு ஒயர் போட்டார். எர்த் சரியில்லையோ என்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழியில் உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, எங்களை வரிசையாகக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். அது எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. மெஷினுக்கு எந்த மாற்றமும் இல்லை.

ஒருநாள் அவர் திரையைப் பார்க்காமல் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே எங்கோ மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. ஃபேன் சோர்ந்து சுற்றியது. அதே நேரம் திரை வெளுத்தது. "அட" என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்று மத்தியானம் நான் அப்பாவின் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சார் ஓடிவந்தார்.

"சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. கரண்டுதாங்க. வோல்டேஜ் எறங்கினதும் எல்லாத்தையும் மறந்துடுது. இது கூட ஒரு ஸ்டெபிலைசர் வந்திருக்கணுமே சார்?"

அப்பா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வரலியேப்பா" என்றார். "எழுதிப் போட்டிருக்கேன். ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது. இதுக்கு மட்டும் என்ன?"

ஸ்டெபிலைசர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அப்பா எழுதிப் போட்டிருக்கிறார், வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏதோ தாளில் கையெழுத்து வாங்க சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அது இந்தித் தொடர் போடுகிற நேரம். கூடம் முழுக்கத் தெரு ஜனம். ஒருவருக்கும் இந்தி புரியாது, ஆனால் எல்லோரும் அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுவார்கள். அன்று பார்த்துப் படம் கொஞ்சம் ஆடியது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கதான் இதெல்லாம் தெரிஞ்சவங்க. கொஞ்சம் என்னான்னு பாருங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "வேணாம் தம்பி, அதுவா சரியாயிரும், நீங்க உக்காருங்க, காப்பி போடறேன்" என்றாள். அதற்குள் சார் டிவிக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

அவர் நிமிர வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. எழுந்தபோது கையில் ஒட்டடை ஒட்டியிருந்தது. "பிளக்கு லூசா இருந்துச்சுங்க. அழுத்தி வுட்டுட்டேன்" என்றார். படம் அசையாமல் நின்றது. ஜனம் திரும்பவும் அழத் தொடங்கியது. அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து சாரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சார் எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தார். தொடர் முடியும்வரை எங்களோடு பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"அந்தத் தம்பி பாத்துட்டாருங்க" என்று அம்மா சமையலறையில் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பார்க்காமல் என்ன? முழுசாகத்தானே பார்த்தார் என்று நினைத்தேன்.

சார் அதற்குப் பிறகு ஸ்டெபிலைசர் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. வகுப்பை விடியற்காலைக்கு மாற்றினார். மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன்னால் கரண்டு தெம்பாக இருக்கும். முதல்முறையாகக் கேசட் முழுசாக ஓடி, மெஷினுக்கு எல்லாம் ஞாபகம் இருந்த அன்று நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்துத் தோப்புக் காகங்கள் பறந்துபோயின.

அதிகாரிக்கு என்ன காட்டலாம் என்று சார் யோசித்தார். "உனக்குக் கோலம் போடத் தெரியுமா கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"புள்ளி வெச்சிக் கம்பி சுத்துவேன் சார்."

நான் கட்டம் போட்ட தாளில் கோலத்தை வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாதியிலேயே அது இடம் போதவில்லை என்று மறுத்துவிட்டது. "இதுக்கு இவ்ளோதாம்மா மண்டை. கோலத்தைச் சின்னதாக்கணும்" என்றார். நான் அரைமனசாக ஓரப் புள்ளிகளை எடுத்தேன். கடைசியில், நான் ஒரு கட்டையை அழுத்தினால் திரையில் புள்ளிகள் முளைத்து, கோடு தானாகச் சுற்றிச் சுற்றி வந்து கோலம் முடிகிற மாதிரி செய்துவிட்டார். அதிகாரி முன்னால் கட்டையை அழுத்தப்போவது நான். அம்மா எனக்குப் புதுப் பாவாடை தைக்கக் கொடுத்தாள்.

அந்த நாளும் வந்தது. சார் இருட்டோடு எழுந்துவந்து கேசட்டை ஓட்டி, எல்லாவற்றையும் ஏற்றி, மெஷினை அணைக்காமலே வைத்திருந்தார். காலையில் வர வேண்டிய அதிகாரி வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். அப்பா எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கட்டையை அழுத்தினேன். புள்ளிகள் வந்தன. கோடு ஒரு பக்கம் வளைந்து, இன்னொரு பக்கம் வளைந்து, நடுவுக்கு வந்தது. அதிகாரி "அடடே" என்றார். தலைக்கு மேலே ஃபேன் சோர்ந்தது. திரை வெளுத்தது. மூலையில் கட்டம் கண் சிமிட்டியது.

நான் திரும்பத் திரும்பக் கட்டையை அழுத்தினேன்.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

"வோல்டேஜ் எறங்கிடுச்சுங்க சார்."

"எறங்கத்தான் செய்யும். அதுக்குத்தானே ஸ்டெபிலைசர் அனுப்பியிருக்கு. எங்க அது?"

சார் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். அப்பா ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"ரிப்பேருங்க சார்" என்றார் பிறகு. "நான்தான் கழட்டிக் குடுத்தனுப்பினேன்."

"அது இல்லாமயே மெஷினை ஓட்டினியா? எரிஞ்சு போனா யாருய்யா பொறுப்பு? அரசாங்கச் சொத்துன்னா அவ்ளோ எளக்காரமா?"

"தப்புதாங்க சார்."

எனக்குச் சாரின் மேல் கோபம் கோபமாக வந்தது. ரிப்பேருக்குக் கொடுத்ததை ஒருநாள் முன்னால் வாங்கி வந்திருக்கக் கூடாதா? என் கோலம் பாதியில் போனதற்கு அவர்தான் காரணம் என்று என் வகுப்புப் பெண்களிடம் நானே சொன்னேன். அன்று சாயங்காலம் கரண்டுப் பொட்டியை அப்பா தானே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். ஞாயிற்றுக்கிழமை படம் மறுபடி உருண்டது. ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று நான் சிணுங்கியபோது, அம்மா "சும்மா கெட" என்று அதட்டினாள். அதற்குப் பிறகு அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சாருடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. கம்ப்யூட்டரை வேறொரு ஊர்ப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா காலமான பிறகுதான் அம்மா எனக்கு மற்றதைச் சொன்னாள். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக அப்பா ஒருநாள் தர்மபுரிக்குக் கிளம்பிப் போனாராம். "ஆபீஸ் வாசல் வரைக்கும் போனாராம்மா. எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டாரு" என்றாள்.

சார் ஊருக்குக் கிளம்பிய அன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். சாரிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும் இருந்தன. எனக்குக் கோபம் தீரவில்லை. "நல்லாப் படி கண்ணு" என்று அவர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார் கண்டக்டர். சார் குனிந்தபோது, "நீ இரு தம்பி" என்று அப்பா முந்திக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாங்க சார், குடுங்க" என்று சார் பதறினார். அப்பா காதில் வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஒரு கையால் பிடித்துப் பிடித்து ஏறினார். அவருக்குப் பயந்து தெருவில் ஒதுங்கிப்போகிற பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். "பெரிய சாரு, நீங்க ஏங்க, எறங்குங்க, கிளீனர் பாத்துப்பான்!" என்று கண்டக்டர் கத்தினார். அப்பா திரும்ப இறங்கிவந்து படுக்கையையும் எடுத்துக்கொண்டு ஏறினார். மேலே மண்டியிட்டு இரண்டையும் கயிற்றால் கட்டினார். கட்டியதையே அவிழ்த்து மறுபடியும் கட்டினார். வெள்ளைச் சட்டையெல்லாம் துருவும் அழுக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார்.

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஏணிக்குக் கீழே போய் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, எறங்குப்பா. எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

அவர் மேலிருந்து என்னைப் பார்த்தார்.

"பாக்கட்டும் கண்ணு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைமை ஆசிரியராக இருந்துகொண்டு இப்படி மூட்டை தூக்கிவிட்டாரே, நாளைக்கு வகுப்பில் எல்லோரும் என்னை என்ன சொல்லிக் கேலி செய்வார்களோ என்பதுதான் அன்றைக்கு என் கவலையெல்லாம்.