ஜும்ஆ நேரத்து மீன்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் வெள்ளிக்கிழமை நண்பகல். கரைவலை இழுப்பவர்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார்கள். கல்முனையிலிருந்து வந்த அந்தோனி அண்ணன் மட்டும் அவர்களுடைய தோணிமேல் ஏறி நின்று கடலைக் காவல் காக்கிறார்.

"அந்தா!" என்று கத்துகிறார். தெளிந்த நீரில் கருஞ்சிவப்பாய் ஒரு திட்டு நகர்கிறது. அதன்மேல் பறவைகள் விழுந்து விழுந்து எழும்புகின்றன.

"கீரி மீன் தம்பி! மேற்கால இருந்து கச்சான் காத்து தொடங்கினா கடல் அமரும், இரை தேடிக் கரைக்கு வரும். பின்னால பெரிய பாரை மீன் கலைக்குது, அதான் தெற்கால ஓடுது."

கடல் பார்க்க வந்த நான், அவர்களைக் கூப்பிடப் போனை எடுக்கிறேன்.

"பள்ளிக்குள்ள ஆரும் போன் தூக்கமாட்டாங்க. இதப் புடிச்சிக்கிட்டு மீனோட ஓடுங்க!"

சிவப்புச் சட்டை கட்டிய மூங்கிலை என் கையில் திணிக்கிறார். தொழுதுவிட்டு வருபவர்கள் அந்தச் சட்டைக்கு நேரேதான் தோணியை விடுவார்களாம். மணலில் கால் புதையப் புதைய ஓடுகிறேன். திட்டு ஆழத்துக்குத் திரும்புகிறது. போச்சு! இல்லை, மறுபடி கரைக்குச் சாய்கிறது.

பள்ளிவாசல் பக்கம் ஒரே இரைச்சல். தொழுகை முடிந்து, தொப்பியும் வெள்ளைச் சாரமுமாக ஆட்கள் ஓடி வருகிறார்கள். தோணி பாய்கிறது. வலை திட்டை வளைக்கிறது. நானும் கயிற்றைப் பிடிக்கிறேன்.

"ஞாயிறு நீங்க பூசைக்குப் போற நேரம் மீன் வந்தா?" மூச்சிரைக்க அந்தோனி அண்ணனிடம் கேட்கிறேன்.

"எங்கட கரையில இவர்தான் நிப்பார்." முன்னால் இழுக்கும் தாடிக்காரரைக் காட்டுகிறார்.

தாடிக்காரர் திரும்பிப் பார்க்காமலே கத்துகிறார்.

"கதை பொறகு, ரெண்டு பேரும் இழுங்க! வலை கனக்குது!"