பேச்சி டாக்டருக்குப் படிக்கப் போனது

வெள்ளத்துரையின் மகள் பேச்சிக்கு ரத்தத்தைக் கண்டு மயக்கம் வந்ததே இல்லை. திருவேங்கடம் ரோட்டில் கரிசல் காடு வைத்திருந்த அந்தக் குடும்பத்தில் விதைப்பு, அறுப்பு போல வெட்டும் குத்தும் வருஷா வருஷம் நடந்தன. எழுபத்தாறாம் வருஷம் அவள் பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கினாள். மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவுக்குக் கார்டும் வந்தது. போவதா வேண்டாமா என்று அவள் தடுமாறியதற்குக் காரணம் அப்பாவின் ஆசைதான். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் எந்தக் கேஸும் நிற்காது என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரிய காயத்தைச் சின்னக் காயம் என்று டாக்டர் எழுதிவிட்டால் கேஸ் நீர்த்துப்போகும் என்பது அவர் எண்ணம். சும்மா பேசுகிறார் என்று பேச்சி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனி மாதம் வண்டிப்பாதைத் தகராறு முற்றியது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், அடுத்த காட்டுக்காரன் காசியை வெள்ளத்துரை அரிவாளால் தோளில் வெட்டினார். விழுந்து கிடந்த காசி கல்லை எடுத்து எறிந்ததில் அவருடைய நெற்றியும் பிளந்தது. இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள்.

தகவல் கேட்டுப் பேச்சி ஓடி வந்தபோது டாக்டரம்மா காசியின் தோளைத் தைத்துக்கொண்டிருந்தார். பேச்சியின் பெரியப்பா மகன் வீரபாண்டி ஆட்களோடு உள்ளே நுழைந்து, சின்னக் காயம் என்று எழுதச் சொன்னான். எலும்பு வெட்டுப்பட்டிருக்கிறது, அதைத்தான் எழுதுவேன் என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமல். அவன் இரும்பு ட்ரேயைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் காசியின் மார்பில் சொட்டியது. டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். வாயைப் பஞ்சால் ஒற்றினார். மறுபடியும் ஊசியை எடுத்தார்.

பெஞ்சில் சாய்ந்திருந்த வெள்ளத்துரை மகளைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"பாத்தியா மக்கா. நாளைக்கு இங்கன நீ இருந்தேன்னா இந்த அடிதடிக்கே வேலை இல்ல."

"நான் இருந்தாலும் எலும்புன்னுதாம்ப்பா எழுதுவேன்."

நெற்றியைப் பொத்தியிருந்த கையால் அவர் அறைந்த அறையில் அவருடைய ரத்தமே அவள் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

மறுநாள் வெள்ளத்துரையைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரை அடித்ததை யார் பார்த்தது என்று போலீஸ் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பேச்சி மட்டும் பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

தலைமறைவாக இருந்த வீரபாண்டி காதுக்கு அது எட்டியது. ஒரு மத்தியானம் கொல்லை வழியாக வந்தான். கம்பு இடித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து உலக்கையைப் பிடுங்கி, அவள் வலது மணிக்கட்டில் போட்டான்.

"இந்தக் கைதானட்டி கையெழுத்துப் போட்டுச்சு?"

இரண்டாவது அடி விழுவதற்குள் அவள் அம்மா முருகம்மாள், அடுப்பில் கொதித்த கஞ்சியை அவன் முதுகில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினான்.

உதட்டுத் தையலோடு இருந்த அதே டாக்டரம்மாதான் பேச்சியின் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். படிக்கப் போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. வலிக்கும், அசையாதே என்றார், அவ்வளவுதான். வாசலில் நிழல் விழுந்தபோதெல்லாம் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பார்த்துவிட்டு மறுபடி கட்டைச் சுற்றினார். பயத்தை வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யலாம் போலிருக்கிறது என்று பேச்சிக்குத் தோன்றியது. போவதென்று அங்கேயே முடிவு செய்தாள்.

இன்டர்வியூவுக்கு அம்மாதான் கூட்டிப்போனாள். கையில் என்ன கட்டு என்று கேட்டார்கள். அண்ணன் உலக்கையால் அடித்தான் என்றாள். எதற்காக டாக்டராக வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது.

"எங்க வீட்ல வெட்டுததுக்கு ஆள் இருக்கு சார். தைக்கத்தான் ஆளில்ல."

சீட் கிடைத்தது. வெள்ளத்துரைக்கும், பிறகு போலீஸில் பிடிபட்ட வீரபாண்டிக்கும் தண்டனையும் கிடைத்தது. பேச்சி சாட்சி சொன்ன ஆத்திரத்தில் சொந்தக்காரர்கள் வீட்டு வைக்கோல் படப்புக்குத் தீ வைத்ததும், முருகம்மாள் கடையநல்லூரில் தங்கை வீட்டோடு போய்விட்டாள்.

எண்பத்துநாலில் பேச்சி மேலநீலிதநல்லூரில் டாக்டராக வந்து உட்கார்ந்தாள். கண்ணால் கண்ட காயத்தை எழுதினாள். ஜன்னலுக்குக் கல் வந்தது. கண்ணாடியை மாற்றிவிட்டு எழுதினாள். ஜெயிலிலிருந்து வந்த அப்பா அவளிடம் எதற்காகவும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் ஆஸ்பத்திரியைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போனார். பஸ் அங்கே நிற்கும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்வார் என்று கண்டக்டர் ஒருவர் வந்து சொன்னார். பேச்சி கேட்டுக்கொண்டாள். காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே வரச்சொன்னாள்.