மிளகு வறுக்கக் கூடாத வீடு

என் அண்ணி செல்லம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். அம்பகரத்தூரிலிருந்து நெரவிக்கு என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷம் நாற்று நட்டார், களை பறித்தார். எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்வது அவர்தான். 1983-இல் பால்வாடி டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டார். என் அம்மா காசியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இவ டீச்சரா போயிட்டா வீட்டு வேலைய யாரு பாக்குறது?" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

நேர்முகத் தேர்வுக்குக் கார்டு வந்த வாரமே அண்ணியின் மூன்று வயது மகன் முத்தையனுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. மாலையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மன் பாட்டுப் புத்தகத்தை ராகத்தோடு படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராகம் வருவது அண்ணிக்கு மட்டும்தான். நிறுத்தினால் பிள்ளை அழுவான். அவர் மறுபடி முதலிலிருந்து படிப்பார். ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கவே முடியவில்லை.

மறுநாள் காலை காரைக்காலில் தேர்வு. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கதை சொல்ல வேண்டும், ஒரு பாட்டும் பாட வேண்டும். அண்ணி உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துப் பார்த்தார். குணம் தெரியவில்லை.

"நாலு மிளகு வறுத்துக்குறேன் அத்த" என்று வெறும் காற்றாகக் கேட்டார்.

"நல்லாருக்குடி. ஆத்தா வீட்ல இருக்கையில மிளகு நெடியா? புள்ள கண்ணுக்கு ஏதாச்சும் ஆனா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் நேத்து கடையில புரோட்டா சால்னா தின்னுட்டு வந்துச்சே, அது மட்டும் ஆவுமா?"

"ஆம்பள வெளியில தின்னா ஆத்தா அதெல்லாம் பாக்க மாட்டா."

அண்ணன் தங்கையன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவருடைய தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் டெய்லர் பீர் மைதீன் வீடு. அவர் மனைவி மஹ்பூபாக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மிளகையும் சுக்கையும் வறுத்து இடித்து, அதிமதுரம் சேர்த்து, பாதியாக வற்றக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, வேலிக்கு மேலே ஒரு டம்ளரை நீட்டினார். அண்ணி வாங்கி வாயில் வைப்பதற்குள் அம்மா பிடுங்கிக் கீழே கொட்டிவிட்டார்.

"கொட்டுனா கொட்டிட்டுப் போங்க. எங்கூட்டு அடுப்பு அணையல" என்றார் மஹ்பூபாக்கா.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் பிளாஸ்க்கோடு நின்றார். "மெதுவா, தொண்டையில நிறுத்தி நிறுத்திக் குடி. இவ்வளவு படிச்சிட்டு ஊமையா போயி நின்னியன்னா எனக்குல்ல கேவலம்." அண்ணி நின்றபடியே குடித்தார். மிச்சத்தைக் காரைக்கால் வரைக்கும் பஸ்ஸில் குடித்துக்கொண்டே போனாராம்.

தேர்வில், பாட்டு வரவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, ஒரு தவளையின் கதையைச் சொல்லியிருக்கிறார். திரும்பிவந்த கொஞ்சநஞ்சக் குரல் தவளைக்கு நன்றாகப் பொருந்தியதாம். கேள்வி கேட்டவர்களே சிரித்துவிட்டார்கள்.

ஒன்றரை மாதத்தில் ஆர்டர் வந்தது. அம்மா தெரு முழுக்கச் சொன்னார்: "அஞ்சு நாளு படிச்சாள்ல, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா." மஹ்பூபாக்காவின் பேச்சே அவர் வாயில் வரவில்லை. நடந்ததைத் தெருவில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சும்மா இரு பாப்பா. ஆத்தா குடுத்த வேலைன்னு ஒங்கம்மாவே ஊரெல்லாம் சொல்லியாச்சு. இனிமே போவாதன்னு எந்த வாயால சொல்லுவாங்க?"

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். யாரும் தடுக்கவில்லை. அண்ணி கணக்குப் போட்டது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படித்த ஒருத்தி தனக்குக் கிடைத்த வேலைக்குப் போவதற்கு ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அது ஆறவில்லை. அவர் சும்மா இருக்கச் சொன்னார், நான் எழுதிவிட்டேன்.