ஒரு சிட்டிகைப் படிகம்

சென்ற செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில், கல்லூரி மாணவர்களுக்கு அமிலம், காரம் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. விழுப்புரத்தில் என் நண்பர் கோதண்டம் காலமாகிவிட்டார். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டுப் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் அழுகையைவிட வெட்கமே எனக்கு மிகுந்திருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெருமுக்கல்லில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். ஐம்பதுகளில் சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேஜையில் ஆராய்ச்சி செய்தோம். அவர் ஊர் மலையடியில் கிடைக்கும் ஒரு கசப்பு வேரின் சத்தைப் பிரித்தெடுப்பது எங்கள் வேலை. நிதானமான கை அவருக்கு. நான் உடைத்த குடுவைகளுக்கும் சேர்த்து அவரே திட்டு வாங்கினார்.

நான்காம் ஆண்டில் அவருடைய தாயார் காசநோயில் இறந்தார். சென்னையிலிருந்து மருந்து போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டே மாதத்தில், கைக்கு வரவிருந்த பட்டத்தை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் புதிதாகத் தொடங்கிய மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“படிச்ச படிப்பெல்லாம் மாத்திரை உருட்டத்தானா?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “நாம எழுதறது காகிதம்பா. எங்கம்மா காகிதத்தையா முழுங்குவாங்க? நான் போறேன். வேரை நீ பாத்துக்க” என்றார். தம் குறிப்பேட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வேர் என்னைப் படாதபாடு படுத்தியது. சாறு பிசினாகவே நின்றது. படிகமாக மாட்டேன் என்றது. படிகமானால்தான் சத்து சுத்தமாகப் பிரிந்தது என்று அர்த்தம்; படிகம் இல்லாமல் பட்டம் இல்லை. எங்காவது படிகம் பிடிக்காதா என்று எட்டு மாதம் குடுவையின் உட்புறத்தைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். கடைசியில் வீம்பை விட்டு, கொஞ்சம் பிசினோடு விழுப்புரம் போனேன்.

கம்பெனியில் அவர் ஒரு காசநோய் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கரையலன்னா வயித்துல கல்லு மாதிரி கெடக்கும். நோயாளி மருந்து சாப்ட்டதா நெனச்சிக்கினு இருப்பான்” என்றார். அது கரைந்து முடிந்த பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தனியாக உட்கார்ந்து என் பிசினைச் சுத்தம் செய்தார். ஏழாவது ஞாயிறு சென்னையில் என் அறைக்கே வந்து ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் படிகம்.

“பாலுக்கு ஒறை ஊத்தறாப்பலதான். இத்த உன் குடுவையில போட்டு ஆட்டாம வெச்சிரு. ஜல்திப் படாதே.”

மறுநாள் காலை குடுவை முழுக்கப் படிகம். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், குடுவை கழுவியவர்கூட இருக்கிறார். கோதண்டம் இல்லை. கம்பெனிக்காரர் பெயர் எதற்கு என்றார் பேராசிரியர். நான் வாதாடியிருக்கலாம். கிடைத்த பெருமையைப் பங்கு போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, திண்டிவனத்தில் வேலைக்கு வந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே ஆறு வருடம் போகாமல் இருந்தேன்.

சடங்குகள் முடிந்ததும் அவர் மனைவி அந்தப் பிரதியைக் கொண்டுவந்தார்.

“வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் இதக் காட்டிக்கினே இருப்பாருங்கண்ணே. எங்க ஊரு வேருல என் சிநேகிதன் டாக்டரானான்னு சொல்லுவாரு. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கினே இருந்தாரு.”

புரட்டினேன். ஓரிடத்தில் தட்டச்சில் தவறிப்போன ஓர் எண்ணைப் பென்சிலால் திருத்தியிருந்தார். நன்றிப் பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை.

பேனாவை எடுத்து, எல்லாப் பெயர்களுக்கும் மேலே அவர் பெயரை எழுதினேன். மை காயும்வரை அந்த அம்மாள் பக்கத்தை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெயரை நீ கேட்கவே இல்லை, கோதண்டம். நான் வருவதைத்தான் கேட்டாய். வந்தேன், நீ இல்லை. போய் வா.