வாளியின் அடியில் கிடந்த அரிசி

பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றதே, அந்த வருஷம் நடந்தது இது. அப்போது நாங்கள் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். இப்போது பண்டாரவளைக்கு வந்துவிட்டோம். இங்கே கோயில் பெரியது. ஞாயிறு தவறாமல் பூசை உண்டு, மைக் கூட நன்றாக வேலை செய்கிறது. இருந்தாலும் கோயில் என்று யாராவது சொன்னால் என் மனசு அந்தத் தோட்டத்துத் தகரக் கூரைக்குத்தான் ஓடும்.

அந்தக் கோயிலில் மழை பிடித்துவிட்டால் பிரசங்கம் யாருக்கும் கேட்காது. டவுனிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிற ஃபாதர், மழை விடும் வரைக்கும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். மழை விடவே கூடாது என்று பிள்ளைகள் வேண்டிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் சில நாள் நானும் வேண்டியிருக்கிறேன். எங்கள் அந்தோனியார் திருநாளுக்கு மாரியம்மன் கோயிலிலிருந்து தப்பு மேளம் வரும். அவர்கள் திருவிழாவுக்கு எங்கள் பெஞ்சுகள் போகும். போன பெஞ்சு திரும்பி வரும்போது ஒரு கால் ஆடும், அதற்கு ஒரு சண்டை நடக்கும், அடுத்த வருஷம் திரும்பவும் பெஞ்சு போகும்.

அங்கே எங்களுக்குப் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலை வைப்பதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, பழைய பால்மா டின்னில் போட்டு வைக்க வேண்டும். தினமும் ஒரு பிடி. பூசை இருக்கிற ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வாளியோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்துக்கொண்டு வருவாள். பூசை முடிந்ததும் கோயில் விறாந்தையில் பாய் விரித்து, அரிசியைக் கொட்டி, பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்குவோம். ஒரு பங்கு திருநாள் சமையலுக்குப் போகும். மற்றது அந்த மாதம் அடுப்பு எரியக் கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் போகும்.

வாளியோடு போகிற அந்த ஒருத்தி நான்தான். கல்யாணமாகி அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் பேச்சில் லயத்துக்கு, வந்த கொஞ்ச நாளிலேயே வேலை என் தலையில் விழுந்தது. வாய் உள்ளவள்தான் வீடு வீடாகப் போக முடியும் என்று சொல்லி வாளியை என்னிடம் கொடுத்தார்கள். கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்புதான். எந்த வீட்டுக்குக் கொடுத்தேன் என்று ஃபாதரைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். முன்வாசலுக்கும் போக மாட்டேன். பின்னால் அடுப்படி இருக்கிற குசினிப் பக்கமாகப் போய், வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவேன்.

எந்த வீடு கஷ்டப்படுகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அரிசியே சொல்லிவிடும். நெல் விளைகிற மொனராகலையில் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து நல்ல சிவப்பரிசி வரும். கடையில் வேலை பார்க்கிற மகன் இருக்கிற வீட்டில் சம்பா. சம்பா போட்ட வீடு ஒரு மாதம் விலை குறைந்த நாட்டரிசி போட்டால் ஏதோ சரியில்லை என்று புரியும். டின் பாதிதான் நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் புரியும். எங்கள் தோட்டத்தில் யார் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆண்டவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற மாதிரி ஒரு நடை நடப்பேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கொழும்பு ஹோட்டலை மூடிவிட்டார்கள். ஒரு பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் கொழுந்து பறிக்கிற சம்பளம் மட்டும்தான். கோதுமை மா விலை ஏறிப்போய் ரொட்டி சுடுவதே பெரிய விஷயமாகிவிட்டது. சம்பாவிலிருந்து நாட்டரிசிக்கு வந்தேன். பிறகு அதையும் விட்டு, லுணுகலைக் கடையில் மூட்டைக்கு அடியில் தங்குகிற குருணையைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். கோழிக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். எங்களிடம் கோழியே இல்லை.

ஆனால் பிடி அரிசியை நான் நிறுத்தவில்லை. பிடிதான் சின்னதாகிக்கொண்டே போனது.

அந்த மாதப் பூசைக்கு ஃபாதரின் வாகனத்துக்குப் பெட்ரோல் இல்லை. பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, மேட்டில் நடந்தே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் காலையிலேயே வாளியை எடுத்தேன். வாளி கொண்டு போகிறவள் முதலில் தன் வீட்டு அரிசியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். அதுவும் வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். என் குருணை அடியில் போய்விடும், அதற்கு மேல் மற்ற வீட்டு அரிசி விழுந்து மூடிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு வீடாகப் போனேன். சிவப்பரிசி விழுந்தது, நாட்டரிசி விழுந்தது, நிவாரணமாகக் கிடைத்த வெள்ளை அரிசி விழுந்தது. வாளி பாரமாக ஆக என் மனசு லேசானது. வழக்கம் போல எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டே கோயிலுக்கு வந்து சேர்ந்தேன்.

பூசை முடிந்து, சாயத்தண்ணி குடித்து, பாயை விரித்தோம். நான் வாளியைத் தூக்கிக் கவிழ்த்தேன்.

கவிழ்த்தால் அடியில் கிடப்பது மேலே வரும் என்பது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவில்லை. குவியலின் உச்சியில் என் குருணை தனியாக, சாம்பல் நிறத்தில், தூசியோடு உட்கார்ந்திருந்தது. முதலில் போட்டது யார் வீட்டு அரிசி என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வாய்க்கா எனக்குப் பஞ்சம்? எனக்கு எதிரே கீழ் லயத்துத் தங்கச்சி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பழகின உரிமையில் அப்படிக் கூப்பிடுவேன். அவள் வீட்டுக்காரர் சில வருஷத்துக்கு முன்னால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்டு, வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அப்போது நான் அரிசி கொண்டுபோய்க் கொடுத்த வீடு அது. அவள் சட்டென்று இரண்டு கையையும் குவியலுக்குள் விட்டு, கல் தேடுகிற மாதிரி, மேலும் கீழுமாகக் கலக்கிவிட்டாள். குருணை இருந்த இடம் தெரியவில்லை. மற்றவர்கள் தலையைக் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அதைத் தாங்கியிருப்பேன். பங்கு பிரித்து முடிந்து, வீடுகளுக்குக் கொண்டு போகிற அரிசியை எடுக்க நான் கை நீட்டினேன். அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்த மாசம் நான் கொண்டு போறேன் அக்கா. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷம் ஒரு மணி அரிசி கூடக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவளை, இன்றைக்கு வீட்டில் குருணை பொங்குகிறாள் என்றதும் நம்ப முடியாமல் போய்விட்டதா? வழியிலேயே பாதியை எடுத்துக்கொள்வேன் என்று பயமா? ஃபாதரிடம் கூடச் சொல்லிக்கொள்ளாமல் தேயிலைக்கு நடுவே ஏறி வீட்டுக்கு வந்தேன். முந்தின நாள் மழைக்கு அட்டைகள் காலில் ஏறின. அதைத் தட்டிவிடக்கூட நிற்கவில்லை.

வீட்டுக்காரர் அடுப்படியில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஹோட்டல் மூடிய நாளிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதில்லை.

"என்ன புள்ள, யாரு கூட சண்ட?"

"இனிமே அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டேன். என்னைய திருடின்னு நெனச்சிட்டாளுக."

நடந்ததைச் சொன்னேன். அழுகையும் கோபமுமாகக் கொட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மத்தியானத்துக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மிச்சமிருந்த குருணையையும் வழித்துத்தான் காலையில் வாளியில் போட்டிருந்தேன்.

அந்த நேரம் குசினிக் கதவில் நிழல் விழுந்தது. அதே தங்கச்சி. இடுப்பில் வாளி.

அவள் ஏன் வந்திருக்கிறாள் என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் போய், அதைவிட மோசமான ஒன்று வந்தது. நான் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க வேணாம் தங்கச்சி. எங்களவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க. அங்க கொண்டு போ."

"அங்கயும் ஃபாதர்ட்ட கேட்டுக் குடுத்துட்டுத்தான் வர்றேன்."

"எனக்கு வேணாம்னு சொல்றேன்ல?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"நீங்க எங்க வீட்டுக்குக் கொண்டாந்தப்ப நானும் இப்படித்தான் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ஆனா வாங்குனேன்ல அக்கா? இன்னைக்கு நீங்க வாங்க மாட்டேன்னு சொன்னீங்கன்னா, அன்னைக்கு நான் வாங்குனது பிச்சைன்னு ஆயிரும்."

இத்தனை வருஷம் எத்தனை குசினி வாசலில் வாளியை வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பியிருப்பேன். அந்தப் பக்கம் நின்று அதை வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவை கூட யோசித்ததில்லை. அவர்கள் எல்லோரும் என்னைவிடத் தைரியசாலிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. கதவிலிருந்து கையை எடுத்தேன். சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அவள் அரிசியைக் கொட்டினாள்.

கொட்டிவிட்டுப் போய்விடவில்லை. அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம் போல உலையைக் கொதிக்க வைத்து அரிசியைப் போடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படியே போட்டா வெள்ள கொழஞ்சிரும், செவப்பு வேகாமக் கெடக்கும். கொஞ்ச நேரம் ஊற வைங்க. அப்புறம் வெறக இழுத்து விட்டுட்டு மெதுவா அவிய விடுங்க."

"இது எப்படி உனக்குத் தெரியும்?"

"மொத நாளு நீங்க குடுத்தத கொழச்சித்தான் தின்னோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரும் விறகைப் போட்டுவிட்டுச் சிரித்தார். வேலை போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அத்தனை வருஷமும் கலந்த அரிசியைக் கொடுத்துக்கொண்டே இருந்த நான், அதை ஒரு நாளும் பொங்கிப் பார்த்ததில்லை என்பதை என்னவென்று சொல்வது?

அன்றைக்குப் பருப்பும் ஒரு தேங்காய்ச் சம்பலும்தான். சோறு சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. அவளையும் உட்கார வைத்தே சாப்பிட்டோம். ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் இருந்தன. சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டுக்காரர், "அடுத்த பூச எப்ப?" என்று கேட்டார். அடுத்த மாதம் கோயிலுக்கு அவர்தான் முன்னால் நடந்தார். ஃபாதர் ஒன்றும் விசாரிக்கவில்லை, தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகும் சில மாதம் அந்த அரிசி எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரருக்குப் பண்டாரவளையில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். வாளியை அந்தத் தங்கச்சியிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திருநாளுக்குப் போனால் அவள் வீட்டில்தான் சாப்பாடு. என்னைவிட அவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கொடுக்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே கோயிலில் சொல்லக் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்று, வெறுங்கையாக இரண்டு கையையும் நீட்டும்போது, பணக்காரரும் ஏழையும் எல்லோரும் இங்கே வாங்குவதற்குத்தானே வந்திருக்கிறோம் என்று என் நெஞ்சு நிறைவதெல்லாம், அந்தக் குசினி வாசலில் முந்தானை விரித்த நாளுக்குப் பிறகுதான்.